118ஏ-வுக்கு ஏக்கமா?

"சமூக ஊடக வசவாளர்களை அடக்க அந்த 118ஏ இருந்திருக்கணும்" என்று இடக்கொச்சி டீக்கடையில் அடித்துச் சொன்ன நண்பருக்கு: 2020 நவம்பரில் கேரள அரசு, கேரள காவல் சட்டத்தில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்த அந்தப் பிரிவு சமூக ஊடகத்தோடு நிற்கவில்லை. எந்தத் தொடர்பு வழியும் அதில் சிக்கியிருக்கும்; பத்திரிகையும் சிக்கியிருக்கும், நீங்கள் தேர்தலுக்கு அடிக்கும் நோட்டீசும் சிக்கியிருக்கும். மூன்றாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எது அவதூறு என்று முதலில் முடிவுகட்டியிருப்பவர் நீதிபதியல்ல, ஸ்டேஷன் எஸ்.ஐ.

இதே காவல் சட்டத்தின் 118(டி)-யை, தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) சட்டத்தின் 66ஏ-வோடு சேர்த்து, உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்திருந்தது. (பட்டும் திருந்தவில்லை.) 118ஏ-வுக்கு எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அரசே பின்வாங்கியது. அது இல்லாவிட்டாலும், ஆபாசப் பதிவுக்கு ஐ.டி. சட்டத்தின் 67-ஆம் பிரிவு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. புகார் கொடுத்த பெண்ணை நாலு தடவை அலையவிடும் ஸ்டேஷன், புதுப் பிரிவு வந்தால் மட்டும் நாற்காலி போட்டு உட்காரவைக்குமா?