கடல் கடந்த திருமணமும் விசாவும்



ஓலை வாசிப்பதும், உற்றார் உறவினரை அழைப்பதும், பந்தலிட்டு விருந்தளிப்பதுமே திருமண வீட்டாரின் கவலைகளாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ நம் பங்குகளில் பல குடும்பங்களுக்கு அயல்நாட்டுத் தூதரகத்தின் வாயிலும் திருமணப் பாதையில் ஒரு படியாக அமைந்துவிட்டது. அந்தப் படியில் கால் இடறியவர்கள் எழுதும் மடல்கள் நமக்கு அவ்வப்போது வருகின்றன. இடறுவதற்கு முன்னரே வழி கேட்டு வந்த மடல் ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

எழுதியவர் கடற்கரையோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த தாய். பெயரும் ஊரும் இங்கு வேண்டா. அவருடைய மகள் செவிலியர். வளைகுடா நாடொன்றில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி வீடு திரும்பியிருக்கிறார். அங்கே அறிமுகமான அமெரிக்கர் ஒருவரை மணக்க விரும்புகிறார். அவரும் கத்தோலிக்கரே; சென்ற ஆண்டு நேரில் வந்து பெற்றோரைக் கண்டு சென்றிருக்கிறார். தாயின் கேள்விகள் மூன்று. மகளைச் சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்கேயே மணமுடித்துத் தங்கச் செய்யலாம் என்று உறவினர் ஒருவர் கூறுகிறாரே, அது முறையா? ஊர்ப் பேச்சுக்கு இடமில்லாதபடி, புறப்படுமுன் நம் கோவிலிலேயே எளிய முறையில் தாலி கட்டிவிடலாமா? எந்த விசா விரைவில் கிடைக்கும்? மடலின் கடைசி வரியில், “மாப்பிள்ளைக்கு முன்பு ஒரு திருமணம் நடந்து, அங்குள்ள நீதிமன்றத்தில் விலக்குப் பெற்றுவிட்டாராம்” என்றும் குறித்திருக்கிறார்.

முதற் கேள்விக்கு விடை சுருக்கமானது: கூடாது. சுற்றுலா விசா என்பது சென்று காண்பதற்கும் திரும்பி வருவதற்கும் அளிக்கப்படுவது. அந்த விசாவில் சென்றவர் அங்கே மணம் செய்துகொண்டு நாடு திரும்பினால் அதில் குற்றமில்லை. ஆனால், அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தை உள்ளத்தில் வைத்துக்கொண்டு, “சுற்றிப் பார்க்க வருகிறேன்” என்று அதிகாரியிடம் கூறுவது பொய்யுரை. அமெரிக்கச் சட்டம் அதனை மோசடியாகக் கருதினால், அந்நாட்டில் நுழைய வாழ்நாள் முழுமைக்கும் தடை ஏற்படலாம். விலக்குக் கோர வழியுண்டு. ஆயினும் அது கடினமான வழி. புதுக் குடும்பத்தின் முதற் கல்லையே பொய்யின் மீது நாட்ட வேண்டுமா என்பதை அந்த உறவினர் எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படியானால் நேரிய வழிகள் யாவை? அமெரிக்கக் குடிமகனை மணக்கவிருக்கும் பெண்ணுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மணத்திற்கு முன்பு செல்வதற்கான கே-1 எனப்படும் நிச்சயிக்கப்பட்டோர் விசா. மற்றொன்று, மணத்திற்குப் பின்பு செல்வதற்கான துணைவர் விசா. மணமகன் உண்மையிலேயே குடிமகனா, அல்லது பச்சை அட்டை பெற்று அங்கு வாழ்பவர் மட்டுந்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பச்சை அட்டை மட்டும் உள்ளவர் கே-1 விசாவுக்கு மனுச் செய்ய இயலாது. மணமான பின் மனைவிக்காக மனுச் செய்யலாம். எனினும், ஆண்டுதோறும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை வரம்பு அதற்கு உண்டு. குடிமகனின் மனைவிக்கோ அந்த வரம்பு இல்லை.

கே-1 விசாவுக்கு மணமகன் ஐ-129எஃப் என்னும் படிவத்தில் மனுச் செய்ய வேண்டும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் ஒரு முறையேனும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். நெடுங்கால வழக்கத்திற்கு மாறாகும் என்றோ, பெருந்துன்பம் விளையும் என்றோ மெய்ப்பித்தாலன்றி இவ்விதிக்கு விலக்கில்லை. தங்கள் மகள் பொருட்டு அவர் நேரில் வந்து சென்றது இங்கே பயன்படும். பயணச்சீட்டுகளையும் படங்களையும் பத்திரப்படுத்துக. விசா கிடைத்து அங்கே கால் வைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் திருமணம் நடந்தாக வேண்டும். அந்த 90 நாட்களை நீட்டிக்க இயலாது. மணமாகாவிட்டால் நாடு திரும்ப வேண்டும். வேறொருவரை மணந்து அங்கே நிலைபெறவும் அந்த விசா இடந்தராது.

மணமான பிறகும் காத்திருப்பு முடிவதில்லை. ஐ-485 என்னும் விண்ணப்பத்தை அளித்துப் பச்சை அட்டைக்குக் காத்திருக்க வேண்டும். பணிபுரிய அனுமதி வரும்வரை, கற்ற செவிலியராயினும் வீட்டிலேயே இருக்க நேரும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன்னனுமதி பெறாமல் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதுவர். இங்கே தந்தையோ தாயோ நோயுற்றுப் படுக்கையில் கிடந்தாலும், மகள் நினைத்தவுடன் புறப்பட்டு வர இயலாத நிலை அது. இதனைப் பெற்றோரும் மகளும் முன்னரே அறிந்திருப்பது நலம்.

துணைவர் விசாவில் முதலில் திருமணம். பின்பு ஐ-130 என்னும் மனு. அது ஏற்கப்பட்டபின் ஆவணங்களும் நேர்காணலும். இந்தியாவிலிருந்து செல்வோருக்கு நேர்காணல் மும்பையிலுள்ள துணைத்தூதரகத்தில் நடைபெறுவது வழக்கம். இவ்வழியில் மணமக்கள் மணமான பின் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும், பிரிந்திருக்க நேரலாம். அது எளிதன்று. ஆயினும், விசாவுடன் அங்கே இறங்கும் நாளிலேயே மனைவி நிலையான குடியிருப்பாளராகிறார். உடனே பணிபுரியலாம், சென்று வரலாம். இறங்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறையாதிருப்பின், இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமான நிபந்தனை அட்டை தரப்படும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்னும் மனுவை அளித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். கே-1 வழியாகச் சென்று மணந்தவருக்கும் இவ்விதி உண்டு. இதனை மறந்து நிலையை இழந்தோர் உளர். நாட்காட்டியில் குறித்து வைக்க.

இனி இரண்டாம் கேள்வி. அம்மா, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சும் தங்கள் உள்ளம் நமக்குப் புரிகிறது. ஆயினும், கே-1 விசாவைக் கோரிவிட்டு, இடையில் கோவிலில் தாலி கட்டுவது தங்கள் கையாலேயே அந்தக் கதவை அடைப்பதாகும். கே-1 மணமாகாதவருக்கு மட்டுமே உரியது. நம் கோவிலில் உரிய குருவின் முன் நடைபெறும் மணம், 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி செல்லுபடியாகும் மணமே. “வெறும் சடங்குதான், பதிவு செய்யவில்லை” என்று அதிகாரியிடம் கூறுவது உண்மையுமாகாது. எந்தப் பங்குத்தந்தையும் அவ்வாறு கூற இசையமாட்டார். பட்டுடுத்தி, மாலை மாற்றி, ஊரைக் கூட்டி நடத்தும் நிச்சயதார்த்தத்தைப் படத்தில் கண்டே, “இவர்கள் மணமானவர்களோ?” என்று அதிகாரிகள் ஐயுற இடமுண்டு. கே-1 வழியைத் தேர்ந்தால் நிச்சயதார்த்தம் நிச்சயதார்த்தமாகவே இருக்கட்டும். கோவிலில் மணம் என்று முடிவு செய்தால் அதனை முழுமையாகச் செய்து, துணைவர் விசா வழியே செல்க. இரண்டையும் கலப்பதே தவறு.

மணம் இங்கே நடக்குமாயின், பங்கின் பதிவேட்டோடு நின்றுவிடலாகாது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் அரசு அலுவலகத்திலும் பதிவு செய்க. மணமக்களுள் ஒருவரும் கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்கள் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடுவதுண்டு. அதில் 30 நாள் அறிவிப்புக் காலம் உள்ளமையால், இரண்டு வார விடுமுறையில் வரும் மணமகனுக்கு அது போதாது என்பதை அவர்கள் நினைவிற்கொள்க.

ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல். நம் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, கடவுச்சீட்டில் வேறொன்று என்று இருப்பது அரிதன்று. மனுச் செய்வதற்கு முன்பே இவற்றை ஒழுங்குபடுத்துக. பிறப்புச் சான்றிதழ் கிடைக்காத நிலையில், அது கிடைக்கவில்லை என்ற அதிகாரியின் சான்றும், அதனுடன் பங்கின் திருமுழுக்குச் சான்றும் துணை ஆவணங்களாகலாம். தங்கள் மகள் வளைகுடாவில் மூன்று ஆண்டுகள் இருந்தவர். பதினாறு வயதுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த பிற நாட்டின் காவல்துறைச் சான்றும் கேட்கப்படும். ஆகவே, அதனைத் தேடும் பணியை இன்றே தொடங்குக.

இப்போது கடைசி வரிக்கு வருவோம். மூன்று கேள்விகளையும்விட அதுவே முதன்மையானது என்பது நம் கருத்து. நீதிமன்றம் அளித்த மணவிலக்கு, அதன் இறுதித் தீர்ப்பின் நகலோடு காட்டப்பட்டால், விசா அதிகாரிக்குப் போதும். திருச்சபைக்கு அது போதாது. முந்தைய மணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தாலன்றி, அவர் கோவிலில் மற்றொரு மணம் செய்துகொள்ள இயலாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் இம்முறையை எளிதாக்கி, இரண்டாம் தீர்ப்பு ஒன்றும் உடன்பட்டாக வேண்டும் என்ற பழைய விதியை நீக்கினார். ஆயினும், விசாரணைக்கு உரிய காலம் வேண்டியதே.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. தீர்ப்பாயத்தில் இன்னும் மனுவே அளிக்காத ஒருவரை நம்பி மகள் கே-1 விசாவில் சென்றால், 90 நாட்கள் என்னும் கடிகாரம் திருச்சபைத் தீர்ப்புக்காக நிற்காது. அயல் மண்ணில், தன்னந்தனியாக, அரசுப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்திடுவதா, அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்புவதா என்று அந்தப் பெண் தத்தளிக்க நேரும். ஆகவே நம் அறிவுரை இது: முதலில் மாப்பிள்ளை தீர்ப்பாயத்தை அணுகட்டும். தீர்ப்பு வந்தபின், தங்கள் பங்குத்தந்தை வழியாக இரு மறைமாவட்டங்களின் சான்றுகளும் வரட்டும். பின்பு தங்கள் பங்கிலேயே ஓலை வாசித்துத் திருமணம் நடக்கட்டும். அதன்பின் துணைவர் விசாவுக்கு மனுச் செய்க. நீண்ட வழிதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் மகளின் காலடியில் உறுதியான தரை இருக்கும். காத்திருக்க மனமில்லாத மாப்பிள்ளை எனில், அதனை இப்போதே அறிந்துகொள்வதும் நன்மையே.

பெண்ணைப் பெற்றோர் அனைவரும் இன்னும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மனைவியை அழைத்துக்கொள்ளும் கணவன், அவரைக் காப்பேன் என்று ஐ-864 என்னும் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறான். அவனுடைய வருமானம் அரசு வகுத்த வறுமைக் கோட்டின் அளவில் 125 விழுக்காடாவது இருக்க வேண்டும். மணவிலக்கினால் மட்டும் அந்தப் பொறுப்பு நீங்குவதில்லை. கணவன் கொடுமை செய்தால், “உன் விசா என் கையில்” என்று அவன் மிரட்டினாலும் மனைவி அஞ்ச வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டப்படி, அவன் துணையின்றித் தானே மனுச் செய்ய அவருக்கு உரிமையுண்டு; நிபந்தனையை நீக்கும் மனுவையும் தனியே அளிக்கலாம். புறப்படும் மகளுக்கு நகையோடு இந்த அறிவையும் கொடுத்தனுப்புக.

பிற நாடுகளின் விதிகள் வேறு. எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் நிச்சயிக்கப்பட்டோர் விசா ஆறு மாதங்களுக்கு உரியது. அக்காலத்தில் பணிபுரியக் கூடாது. துணையை அழைப்பவரின் ஆண்டு வருமான வரம்பு 2024 ஏப்ரலில் 18,600 பவுனிலிருந்து 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. விதிகள் இவ்வாறு மாறுவன. எனவே, மனுச் செய்யும் நாளில் அந்தந்த அரசின் அறிவிப்பைப் பார்த்தே செயல்படுக. இடைத்தரகரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை இழக்க வேண்டா.

அயல்நாட்டார் இங்கே குடியேற விரும்புவதும் உண்டு. அவர் நுழைவு விசாவில் வந்து தங்கலாம். பதிவு செய்யப்பட்ட திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நிலைத்திருப்பின், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வாக்குரிமையும் வேளாண் நிலம் வாங்கும் உரிமையும் அதில் இல்லை.

அன்புத் தாயே, மகளையும் அருகில் அமர்த்தி இப்பக்கத்தை வாசியுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை மாப்பிள்ளையிடம் அவரே கேட்கட்டும். நேர்மையான மனிதர் அக்கேள்விகளால் வருந்தமாட்டார். தங்கள் இல்லத்திற்காக நாம் மன்றாடுகிறோம். நல்ல செய்தி வரும்போது நமக்கும் ஒரு வரி எழுதுங்கள்.