பழைய மோட்டார் சைக்கிள்களுக்குக் காப்பீடும் வழித்துணையும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

திருவொற்றியூரில் செய்த காஸ்ட் அயர்ன் புல்லட், மைசூரில் செய்த ஜாவாவும் எஸ்டியும், பரிதாபாத்தின் ராஜ்தூத், ஓசூரிலிருந்து வந்த இண்ட்-சுசுகி, ஊரெல்லாம் தேடும் ஆர்.எக்ஸ். 100. இவற்றை இன்றும் சாலையில் ஓட்டுகிறவர்களின் சங்கம் எங்களுடையது. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அரசுக்கும் எங்கள் உறுப்பினர்களுக்கும் சேர்த்தே இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

எங்கள் நிலைப்பாடு இதுதான்: பழைய வண்டியின் மதிப்பைப் பாலிசி போடும் நாளிலேயே இரு தரப்பும் பேசி முடித்து எழுத்தில் வைக்க வேண்டும். வழியில் நின்றுபோன வண்டியை, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் சேதமில்லாமல் கொண்டு சேர்க்கும் ஏற்பாடும் அந்தக் காப்பீட்டோடு கிடைக்க வேண்டும்.

முதல் கோரிக்கைக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி திருடுபோனாலோ முற்றிலும் நொறுங்கினாலோ கிடைக்கக்கூடிய உச்சத் தொகை அது. புது வண்டிக்கு முதல் ஆறு மாதத்தில் 5 விழுக்காடு, நான்காம் ஆண்டைத் தாண்டினால் 50 விழுக்காடு என்று தேய்மானம் கழித்து அதைக் கணக்கிடுவார்கள். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கும் உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் அந்த அட்டவணை பொருந்தாது. நிறுவனமும் உரிமையாளரும் ஒத்துக்கொள்ளும் தொகையே மதிப்பு என்கிறது வழக்கமான பாலிசி வாசகம். ஒருமுறை எழுதிவிட்டால், முழு இழப்பின்போது அந்தத் தொகையில் மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்றும் அதே வாசகம் சொல்கிறது. நாங்கள் கேட்கும் பாதுகாப்பு பாலிசியிலேயே அச்சாகி இருக்கிறது. நடைமுறையில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பதுதான் குறை. ஏஜென்டின் கணினி காட்டுகிற தொகையில் கையெழுத்து விழுகிறது. பதினைந்து வருடத்தைத் தாண்டிய வண்டி என்றால், தேர்டு பார்ட்டி எனும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்று பேச்சே முடிந்துவிடுகிறது.

இதனால் வரும் நட்டத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். சந்தையில் ஒன்றரை லட்சம் பெறும் 1970களின் புல்லட்டுக்கு ஐ.டி.வி. 25,000 ரூபாய் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். அதாவது 18,750 ரூபாயைத் தாண்டும் எந்த வேலையும் அந்த வண்டியை முழு இழப்புக் கணக்கில் சேர்த்துவிடும். முன் ஃபோர்க் வளைந்து, டேங்க் நசுங்கி, குரோம் பூச்சும் பெயிண்டிங்கும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தால் அந்தத் தொகை எளிதில் தாண்டும். ஒரு நல்ல லேத்காரரும் டிங்கரும் ஒரே மாதத்தில் மீட்டுவிடக்கூடிய வண்டி, காகிதத்தில் பழைய இரும்பு விலைக்குப் போகிறது. குறைவான வேலையாக இருந்தாலும், பத்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களின் விலையில் பாதியைக் கழித்துத்தான் தருவார்கள். ரப்பர், டயர், பேட்டரிக்கும் பாதிதான். இவற்றையெல்லாம் அறியாமல் பல ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டிவரும் எளிய மனிதர்களுக்காகவே இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்.

வண்டியின் எல்லாப் பக்கப் படங்கள், என்ஜின், சேஸிஸ் எண்களின் படம், செலவு ரசீதுகள், பழைய வண்டி அறிந்த ஒருவரின் மதிப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றை உரிமையாளர் கொடுத்தால், நிறுவனம் அவற்றை ஏற்று ஐ.டி.வி. எழுத வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். புல்லட்டின் பூர்வீகமான இங்கிலாந்தில், ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறையில் பழைய வண்டிகளுக்கு நெடுங்காலமாகக் காப்பீடு தருகிறார்கள். ஆண்டுக்கு இத்தனை மைல்தான் ஓட்டுவேன் என்று எழுதிக்கொடுப்பவருக்குப் பிரீமியமும் குறைகிறது. இங்கும் ஓடிய தூரத்துக்கேற்பப் பிரீமியம் வாங்கவும், ஒருவரிடமுள்ள பல வண்டிகளை ஒரே பாலிசியில் சேர்க்கவும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையிலேயே அனுமதி தந்துவிட்டது. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் வெளியே வரும் எஸ்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

அரசிடம் கேட்பது ஒரு திருத்தம். 2021 ஜூலையில் வந்த விதிகள் 50 ஆண்டைத் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் ஒருசேரப் பழங்கால வாகனங்கள் என்று ஏற்றன. அவற்றுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண்ணும் உண்டு. ஆனால் 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டண விதிகளில், அப்படிப் பதிவான தனியார் காருக்கு மட்டும் 50 விழுக்காடு தள்ளுபடி. மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. 150 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிக்கு அந்த விதிகள் வைத்த கட்டணம் 1,366 ரூபாய். தினமும் ஓடும் வண்டிக்கும், கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் மட்டுமே போக அனுமதியுள்ள வண்டிக்கும் அதே தொகைதான். இந்த வேறுபாட்டுக்கு நியாயம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. காருக்குத் தந்த சலுகையை மோட்டார் சைக்கிளுக்கும் தர வேண்டும்.

அடுத்தது வழித்துணை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியபின் கிளட்ச் கேபிள் அறுந்தவருக்கு இதன் அருமை தெரியும். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் புது வண்டிக்கென்றே எழுதப்பட்டது. வண்டியின் வயதுக்கு வரம்பு, தூரத்துக்கு வரம்பு, அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோவோம் என்ற நிபந்தனை. பாயிண்ட் செட்டைப் பார்த்தே இராத இளைஞர்கள் வேலை செய்யும் இடத்தில் 1965ஆம் வருட ஜாவாவை இறக்கிவிட்டுப் போவதால் யாருக்கும் பயனில்லை. உரிமையாளர் சொல்லும் மெக்கானிக்கிடமோ அவர் வீட்டுக்கோ கொண்டு சேர்க்க வேண்டும். கூடுதல் தூரத்துக்குக் கட்டணம் கேட்டால் கொடுக்க எங்கள் உறுப்பினர்கள் தயார். தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கும் இந்தச் சேவையைத் தனியாக விற்க வேண்டும்.

கொண்டுபோகும் முறையும் முக்கியம். இப்போது நடப்பது, குட்டி யானை என்று சொல்லும் சிறு சரக்கு வண்டியை வரவழைத்து, நாலு பேர் கைபோட்டுத் தூக்கி, ஹேண்டில்பாரில் கயிற்றைச் சுற்றி இறுக்குவது. குரோம் உரிகிறது, கேபிள்கள் நசுங்குகின்றன, சாய்ந்த பேட்டரியின் ஆசிட் பெயிண்டைத் தின்கிறது. தட்டையான தளமும் சாய்தளமும் உள்ள வண்டி வர வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தாமல் இரு சக்கரத்தில் நேராக நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஃபோர்க்கின் கீழ்ப் பிடியிலும் பின் ஃபிரேமிலும் துணி வைத்து நாடாவால் கட்ட வேண்டும். ஏற்றி இறக்கும்போது சேதம் வந்தால் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033க்கு அழைத்தால் உதவி வரும். அந்த உதவி சாலையைச் சீராக்குவதற்கானது, வீடுவரை வருவதில்லை.

எங்கள் தரப்பிலும் கடமைகள் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டியை எங்கள் பயணங்களில் சேர்ப்பதில்லை; அது சட்டம் மட்டுமல்ல, எதிரே வருபவருக்கு நாம் தரும் உறுதி. என்ஜின் மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டும். எண் பொருந்தாத வண்டியின் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் சங்கம் வாதாட முடியாது. அப்பாவின் வண்டி அவர் காலமான பிறகும் அவர் பெயரிலேயே இருப்பது நம்மிடையே சாதாரணம். விட்டுக்கொடுக்க மனம் வராதது எங்களுக்கும் புரிகிறது. ஆனால் உரிமையாளர் இறந்தால் பாலிசி மூன்று மாதமே செல்லும், அதற்குள் காலாவதி தேதி வந்தால் அதுவரைதான். அதன்பின் வாரிசு ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் காப்பீடு இல்லாத ஓட்டம்.

உறுப்பினர்களே, அடுத்த புதுப்பிப்புத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே படங்களையும் ரசீதுகளையும் சேர்த்து, நீங்கள் கேட்கும் ஐ.டி.வி.யை நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். வரும் பதிலின் நகலைச் சங்கத்துக்குக் கொடுங்கள். அந்தப் பதில்களோடுதான் ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகிறோம்.