மூங்கில் வெட்டக் கத்தரி வாங்குமுன்

மன்னார்த் தீவில் இருக்கும் நம் உறவுகளிடமிருந்து சங்கத்துக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஆண்களும் பெண்களுமாகச் சில குடும்பங்கள் சேர்ந்து, கொந்தராத்துக்கு மூங்கில் வெட்டிச் சீர்செய்து கொடுக்கிறார்கள். கூலி தடிக் கணக்கில். இப்போது ஆளுக்கொரு பங்கு காசு போட்டு, கொப்பு வெட்டும் நீளப்பிடிக் கத்தரிகள் வாங்கப் போகிறார்களாம். எது நீண்ட காலம் உழைக்கும் என்று கேட்கிறார்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தக் கத்தரி என்பது ஒன்று. அதற்கு யார் காசு போடுவது என்பது மற்றது. இரும்புக் கடையில் கேட்டால் முதலாவதற்கு மட்டும்தான் பதில் கிடைக்கும்.

மன்னாருக்கும் தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று இளம் தோழர்கள் யோசிக்கக்கூடும். நம் பாட்டன் பூட்டன்மார் கரையேறியது அந்தக் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள்; நோயிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்தன. 2023இல் ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்த வழியை நினைவுகூர்ந்துதான். 1958, 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களைவிட்டு ஓடிய பல குடும்பங்கள் வன்னியிலும் மன்னார்ப் பக்கத்திலும் குடியேறின. கேள்வி கேட்டிருப்பவர்கள் அவர்களின் பிள்ளைகள்.

மன்னார்த் தீவு மணலும் பனையும் உடைமரமுமான இடம். மூங்கில் அங்கே லொறியில்தான் வருகிறது. மலையில் ஆற்றோரப் புதரில் தோட்டத்து ஆள் வெட்டி இறக்கியதை, கரையில் நம் ஆட்களே அளவாக நறுக்கிக் கணுக்கொப்புகளைக் கழிக்கிறார்கள். ஒரே தடியின் இரண்டு முனையிலும் நம் கைகள்தான். ஆகவே இதைத் தோட்டத்தில் இருப்பவர்களும் வாசிக்க வேண்டும்.

மூங்கில் மரமல்ல, புல் இனம். அதன் வெளித்தோலில் சிலிக்கா, அதாவது மணலில் உள்ள சத்து, நிறைய இருக்கிறது. கத்தியின் வாய் அதில்தான் மழுங்குகிறது. உள்ளே வெற்றுக் குழாய். தேயிலைக் கவ்வாத்தில் பழகிய நமக்கு இது வேறு வேலை. தேயிலை வாது திடமானது, கவ்வாத்துக் கத்தியின் ஒரே வீச்சில் சரிவாகப் போய்விடும். பருத்த மூங்கிலைக் கத்தரிக்குள் வைத்து அழுத்தினால் அது வெட்டுப்படுவதற்கு முன்பே நசுங்கி, நீளவாக்கில் பிளந்துவிடும்.

பிளந்தால் என்ன என்று கேட்கலாம். வேலிக்குப் போகிற தடி என்றால் பெரிய நட்டமில்லை. கடலுக்குப் போகிற தடிக்கு அது முழு நட்டம். எதிர்க்கரையில் மண்டபம், இராமேஸ்வரம் பக்கத்தில் பெண்கள் கடற்பாசி வளர்ப்பது பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவைகளில். நம் வடக்குக் கரையிலும் கடற்பாசி வளர்ப்பு வந்துவிட்டது. மூங்கில் நன்றாக மிதப்பதற்குக் காரணம், கணுவுக்குக் கணு காற்று அடைபட்டிருப்பதுதான். இரு முனையிலும் கணுவுக்குச் சற்று வெளியே, கணு உடையாமல் வெட்ட வேண்டும். வெடிப்பு விழுந்தால் தண்ணீர் ஏறும், மிதவை தாழும். அந்தத் தடியை வாங்குபவர் கழித்துவிடுவார். தடிக் கணக்கில் கூலி வாங்குபவருக்குக் கழிவுத்தடி என்றால் செய்த வேலைக்குக் காசில்லை என்று அர்த்தம். தோட்டத்துப் பாஷையில் சொன்னால், முழுநாள் வேலை செய்து அரைப்பேர்.

ஆகவே எங்கள் அபிப்பிராயம் இது. எல்லாருக்கும் நீளப்பிடிக் கத்தரி வாங்காதீர்கள். பருத்த தடிக்கு நெருக்கமான சிறுபற்கள் உள்ள கைவாள் வாங்குங்கள். தள்ளும்போது அறுப்பதைவிட இழுக்கும்போது அறுக்கும் வாள் நல்லது. அதன் தகடு மெல்லியது, வளையாது, தோல் சிராய் கிளம்பாது. ஜப்பானியர் மூங்கிலுக்குப் பயன்படுத்துவது அந்த வகையைத்தான். ஒரு பக்கம் சிறிது அறுத்துவிட்டுத் தடியைத் திருப்பி மறுபக்கமிருந்து அறுத்தால் கடைசியில் கிழியாது.

கத்தரி தேவைப்படுவது கணுவில் கிளைத்த கொப்புகளுக்கும் விரல் பருமனான தடிகளுக்கும்தான். அதற்குச் சின்னக் கைக்கத்தரிகளும், புதருக்குள் கை எட்டாத இடத்துக்கு ஒன்றிரண்டு நீளப்பிடிக் கத்தரிகளும் போதும். கத்தரியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கத்தி ஒரு தட்டையான இரும்பின்மேல் வந்து இறங்கும். அது காய்ந்த கட்டைக்கு ஏற்றது, மூங்கிலை நசுக்கும். மற்றதில் இரண்டு அலகும் துணி வெட்டும் கத்தரிபோல ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். இதைத்தான் வாங்க வேண்டும்.

நடுவில் அலகுகளைச் சேர்க்கும் இடத்தைப் பாருங்கள். ஆணி அடித்து இறுக்கியிருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். நட்டும் போல்ட்டும் இருந்தால்தான் ஆடும்போது இறுக்கலாம், கழற்றி அரம் போடலாம். அலகும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் 1945இல் தொடங்கிய ஃபெல்கோ கத்தரிக்கு இன்றும் பேர் இருப்பதற்குக் காரணம் இதுதான்: ஒவ்வொரு பாகத்தையும் மாற்றலாம். விலை நமக்கு எட்டாதது, ஆனால் அந்தக் குணத்தை மலிவான கத்தரியிலும் தேடலாம். பிடியை விரித்துப் பார்ப்பதும் முக்கியம். பெரிய கைக்குச் செய்த பிடியைப் பெண்கள் நாள் முழுக்க விரித்து மூடினால் மணிக்கட்டு போய்விடும். வாங்கப் போகும்போது வெட்டுகிற பெண்களையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். பையன்களை மட்டும் அனுப்பினால் பளபளப்பானதைத்தான் தூக்கி வருவார்கள்.

அடுத்தது கறள். மன்னார்க் காற்றில் உப்பு இருக்கிறது. குழாய்க் கைப்பிடி உள்ளிருந்து கறள் பிடித்து ஒருநாள் திடீரென்று முறியும். மரப்பிடி முறிந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். துருப்பிடிக்காத உருக்கு என்று விற்பது கறளைத் தாங்கும், ஆனால் மலிவான ரகத்தில் கூர் நிற்காது. கூர் நிற்கும் கார்பன் உருக்கை வாங்கி, மாலையில் நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, எண்ணெய் பூசி வைப்பது மேல். பனைமட்டைக்கு இந்தக் கத்தரியைத் தொடவேண்டாம். மட்டையின் நார் அலகுக்கிடையில் சிக்கும், கருக்கு கையைக் கிழிக்கும். அதற்குக் கரையில் பழகிய வெட்டுக்கத்தியும் கொக்கச்சத்தகமும் இருக்கின்றன. மலையில் புதர் வெட்டுபவர்களுக்கும் ஒன்று: அடிக்கட்டையைச் சரிவாக விடாதீர்கள், அது ஈட்டி. கணுவுக்குச் சற்று மேலே மட்டமாக அறுத்தால் காலும் தப்பும், கட்டையில் தண்ணீரும் தேங்காது.

இனிக் காசு. கத்தரிக்குத் தாங்களே பணம் போடுவது இயல்பான விஷயம் என்று நம் உறவுகள் நினைப்பதுதான் எங்களை உறுத்துகிறது. நம் முன்னோர் மன்னாரில் கால் வைத்தபோதே கடன்காரர்கள். வழிச்செலவும் கம்பளியும் கங்காணியின் கணக்கில் ஏறின. கடனை எழுதிய துண்டோடு தோட்டம்விட்டுத் தோட்டம் கைமாறினார்கள். துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கூலியை ஒரு வாசலால் கொடுத்து இன்னொரு வாசலால் வாங்கும் பழக்கம் ஒழியவில்லை. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததும் பல தோட்டங்களில் கொழுந்துக் கிலோ கூட்டப்பட்டதை நாம் பார்த்தோம். கொந்தராத்தில் அந்த இன்னொரு வாசல்தான் ஆயுதம்.

தோட்டத்தில் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட கழிவை மட்டும், அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடுதான் பிடிக்கலாம். வாள், கத்தி என்ற பேரில் சம்பளச் சீட்டில் ஏதாவது பிடித்திருந்தால் சீட்டைத் தலைவரிடம் கொண்டுவாருங்கள்.

மன்னார்க் குழுவுக்கு அப்படிச் சம்பளச் சீட்டு இல்லை. அவர்கள் கையில் இருப்பது பேரம் மட்டும். வாளையும் கத்தரியையும் கொந்தராத்துக்காரரே வாங்கித் தரவேண்டும் என்று முதலில் கேளுங்கள். மறுத்தால், தடிக்கூலியோடு சேர்க்காமல் ஆயுதக் காசு என்று தனியாக ஒரு தொகை எழுதச் சொல்லுங்கள். சேர்த்துவிட்டால் அடுத்த முறை கூலியைக் குறைக்கும்போது அதுவும் சேர்ந்து போகும். எத்தனை தடிக்கு ஒரு வாள் தேய்கிறது என்று ஒரு மாதம் கொப்பியில் குறித்துவையுங்கள். உங்கள் பிள்ளைகளில் ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒருவர் போதும் அந்தக் கணக்குக்கு. கையில் வெட்டுப்பட்டால் அன்றைய திகதியும் யார் வேலைக்கு என்பதும் அதே கொப்பியில் ஏறட்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்கப் போனால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

கொப்பியின் முதல் மாதக் கணக்கைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். கொந்தராத்துக்காரரோடு பேச எங்களில் இருவர் மன்னாருக்கு வருகிறோம். அதுவரை பங்குக் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.