முதல் ஊசி திருத்தணியிலேயே: மைலோமாவின் தொடக்க மாதங்களில் வரும் தொற்று குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

மைலோமா உறுதியான நோயாளிகள் அனைவருக்கும் முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு லெவோஃப்ளாக்சசின் மாத்திரையைத் தடுப்பு மருந்தாகத் தர வேண்டும் என்ற தீர்மானம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் முடிவு காணாமல் நின்றதை உறுப்பினர்கள் அறிவர். அங்கே பேசப்பட்டவற்றை மீண்டும் எடுத்துரைப்பது இவ்வறிக்கையின் வேலையன்று. செயற்குழு எட்டிய முடிவையும், அந்த வாதத்தின் இரைச்சலில் அமுங்கிப்போன மற்றொரு கோரிக்கையையும் இது பதிவு செய்கிறது.

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கின்ற பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோயே மைலோமா. அவ்வாறு பெருகியவை ஒரே வகையான, எதற்கும் உதவாத புரதத்தைக் கொட்டிக் குவிக்க, பயனுள்ள எதிர்ப்புப் புரதங்களின் அளவு சரிந்துவிடுவதால், இரத்தத்தில் புரதம் மிகுந்திருக்கும்போதே உடல் காப்பற்று நிற்கிறது. ஆகவே தொற்றைச் சிகிச்சையின் பக்கவிளைவாக மட்டும் கருத இயலாது. நோய்க்குப் பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே, ஒரே ஆண்டில் இரண்டாம் முறை வரும் நிமோனியாவாக அது தலைகாட்டக்கூடும். ஐம்பதைக் கடந்த ஒருவருக்கு நிமோனியா திரும்ப வருகையில், சோகையும் விடாத முதுகுவலியும் உடனிருந்தால், இரத்தப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துக் காணும் எலக்ட்ரோஃபோரெசிஸ் சோதனையை எழுதித்தருவது எந்த மருத்துவருக்கும் எட்டாத காரியமன்று.

பிரிட்டனில் 1980 முதல் 2002 வரை நடந்த மருத்துவ ஆய்வுகளில் சேர்ந்த 3,107 நோயாளிகளில் பத்து விழுக்காட்டினர் முதல் 60 நாட்களுக்குள் இறந்தனர் என்பதும், அவ்விறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குத் தொற்றே காரணம் என்பதும் நன்கறியப்பட்டவை. அதே நாட்டில் 977 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரங்கள் லெவோஃப்ளாக்சசின் பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் காய்ச்சலோ மரணமோ நேர்ந்தது. தீர்மானத்தை முன்மொழிந்தோர் இந்த ஆய்வையே ஆதாரமாகக் காட்டினர். அதன் வலிமையைச் செயற்குழு மறுக்கவில்லை.

எனினும் லெவோஃப்ளாக்சசின் இந்தியாவில் வெறும் நிமோனியா மருந்தன்று. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கான கூட்டு மருந்துகளில் அதுவும் ஒன்று. கண்டறியப்படாத காசநோய் உள்ளவருக்கு அதைத் தனியாகக் கொடுத்தால், நோய் சில வாரங்கள் அடங்கியதுபோல் காட்டி, கண்டறிதலைத் தள்ளிப்போட்டு, பின்னர் மருந்துக்கு மசியாத வடிவில் திரும்பக்கூடும். எனவே மார்புப் படமும், சளி உள்ளவர்களுக்குக் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையும் முடிந்த பின்னர், சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் குறைத்து, சிகிச்சையளிக்கும் மருத்துவரின் தீர்ப்புக்கு உட்பட்டு, தக்க நோயாளிகளுக்கு இம்மருந்தைப் பரிசீலிக்கலாம் என்பதே செயற்குழுவில் பெரும்பான்மையோர் ஏற்ற வாசகம். இது இரு தரப்புக்கும் முழு நிறைவளிக்காது.

செயற்குழு ஒரே குரலில் பேசுவது அடுத்த பொருளில்தான். மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சிலருக்குக் காய்ச்சல் வரவே செய்யும். வந்த இரவில் அவர் எங்கே இருப்பார் என்பதைப் பொதுக்குழுவில் எவரும் கேட்கவில்லை. அவர் சென்னையிலோ வேலூரிலோ திருப்பதியிலோ சிகிச்சை பெறுபவராக இருக்கலாம், ஆனால் படுத்திருப்பது திருத்தணியிலோ பள்ளிப்பட்டிலோ ஆர்.கே.பேட்டையின் தறி வீடொன்றிலோதான். திருத்தணியிலிருந்தே சென்னை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு இரத்தத்தில் கிருமி பரவும் அறிகுறி தெரிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி நரம்பில் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. ஆனால் கீமோ எடுப்பவர் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், ஊசி போடாமலே, எங்கே பார்க்கிறீர்களோ அங்கேயே போய்விடுங்கள் என்று வாசலோடு திருப்பியனுப்பும் வழக்கம் சிறு ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. இதைப் பொறுப்பான எச்சரிக்கை என்று அழைக்கச் செயற்குழு ஆயத்தமாக இல்லை, இது கைகழுவுதல். ஆடிக் கிருத்திகை நாட்களில் காவடிக் கூட்டம் சாலையை நிறைக்கும்போது அந்த 85 கிலோமீட்டரின் பொருள் என்ன என்பதைத் திருப்பியனுப்புவோரும் இவ்வூரில் இருந்தே அறிந்தவர்கள்தாம்.

காய்ச்சல் இல்லையே என்ற ஆறுதலும் இங்கே செல்லாது. மைலோமா சிகிச்சையின் முதுகெலும்பான டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உடல் சூட்டை மறைத்துவிடுவதால், நடுக்கமோ தடுமாற்றமோ மூச்சு வாங்குதலோ மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். வெப்பமானி 99 காட்டுகிறது என்பதற்காக ஒருவரைக் காலைவரை காத்திருக்கச் சொல்வதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வழங்கப்பட வேண்டும். அதில் நோயின் பெயர், கடைசி மருந்து தரப்பட்ட நாள், சிறுநீரகச் செயல்பாட்டின் அளவு, முதலில் போட வேண்டிய ஊசியின் பெயரும் அளவும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசிகளைத் தவிர்க்கும் குறிப்பும், சிகிச்சையளிக்கும் மருத்துவரின் கையெழுத்தோடு இருத்தல் வேண்டும். அட்டை தமிழிலும் தெலுங்கிலும் அமைய வேண்டும். 1960-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை, ஆந்திரத்தின் நகரிப் பக்கத்திலிருந்து வருவோரை எந்த மாநிலக் காப்பீடு என்று கேட்டு நிறுத்துவதற்கும் முதல் ஊசிக்கும் தொடர்பில்லை. ஊசி போட்ட பின்னர் 108 வண்டியில் ஏற்றுவதை எவரும் தடுக்கவில்லை.

போர்டிசோமிப் பெறுவோருக்கு அக்கி வராமல் காக்க அசைக்ளோவிர் தருவதில் கருத்து வேறுபாடில்லை. ஹெப்படைட்டிஸ் பி சோதனை சிகிச்சைக்கு முன்பே முடிக்கப்பட வேண்டும். நிமோனியாவைத் தடுக்கும் நியுமோகாக்கல் தடுப்பூசி குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கையில், அதே கிருமியால் சாகக்கூடிய மைலோமா நோயாளி அதைக் கடையில் விலை கொடுத்து வாங்க நேர்வது திருத்தப்பட வேண்டியது என்று செயற்குழு கருதுகிறது. ‘வெட்கக்கேடு’ என்ற முதல் வரைவின் சொல் உறுப்பினர் சிலரின் வேண்டுகோளால் நீக்கப்பட்டது.

மருந்துத் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும். அட்டை அதுவரை காத்திராது; வாசகம் இருமொழியிலும் அச்சுக்கு அனுப்பப்படுகிறது, கையெழுத்திட முன்வரும் மருத்துவர்களிடம் உறுப்பினர்களே அதை எடுத்துச் செல்லலாம்.