வசையால் ஆறாத காயம்

"குடிப்பவன் மனவுறுதியற்றவன்; உறைக்கச் சொன்னால் திருந்துவான்" என்று தீர்ப்பளித்துவிட்டு நம்மில் பலர் நிம்மதியடைகிறோம். இத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம்.

ஃபெலிட்டி, ஆண்டா முதலிய அமெரிக்க மருத்துவர்கள் சான் டியேகோ நகரில் 9,500-க்கும் மேற்பட்டோரிடம் இளமைக்காலத் துன்பங்களைக் கேட்டறிந்து 1998-இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். அடி, வசை, பாலியல் கொடுமை, தாய் அடிபடக் காணுதல் முதலான 7 வகைத் துன்பங்களில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தோர்க்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதையும் அனுபவியாதோரைவிட 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது.

அப்படியாயின், வசையால் விளைந்த புண்ணுக்கு வசையே மருந்தாகுமா? மருத்துவமனையில் சேர்த்தால் உடல் தெளியும், அதுவும் தேவையே. ஆனால் பழைய காயத்தை அஞ்சாமல் சொல்ல ஒரு செவியும், தவறினாலும் கைவிடாத ஓர் உறவும் இல்லையேல், வீடு திரும்பியவன் மீண்டும் மதுக்கடையை நாடுவதில் வியப்பென்ன?

"அவன் செய்த கொடுமைகளை மறந்துவிடுவதா?" என்று கேட்கலாம். இல்லை. அடிபட்ட மனைவியின் பாதுகாப்பே முதலாவது. காரணத்தை அறிவது குற்றத்தைத் துடைப்பதாகாது. எனினும், அந்த ஏழனுள் ஒன்று எது தெரியுமா? குடிப்பவரோடு ஒரே வீட்டில் வளர்வது! தந்தையின் காயத்தை ஆற்ற மறுப்போர் பிள்ளையின் காயத்துக்கு வழிசெய்கின்றனர்.

ஏளனத்தை விடுவோம், அருகமர்ந்து கேட்போம்.