காலத்தின் மேல் பழி போடாதீர்கள்

எழுத்தாளர் ஒருவர் இறந்த பிறகு நடக்கும் இரங்கல் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "காலம் தீர்ப்புச் சொல்லும்" என்று முடிப்பார். கூட்டமும் தலையாட்டும். கேட்பதற்கு அடக்கமான பேச்சாகத்தான் இருக்கிறது. நாம் சிறியவர்கள், நமக்குப் பிடித்ததும் பிடிக்காததும் முக்கியமில்லை, நூறாண்டு கழித்து எது நிற்கிறதோ அதுவே இலக்கியம் என்று சொல்வதில் ஒரு பெருந்தன்மையும் தெரிகிறது. ஆனால் இந்த நம்பிக்கை பொய். அதற்குள் இன்னொரு கருத்தும் ஒளிந்திருக்கிறது. நின்றவர் தகுதியால் நின்றார், மறைந்தவர் தகுதி போதாமல் மறைந்தார் என்பது அது. இந்த இரண்டாவது கருத்துதான் பல நல்ல எழுத்தாளர்களை இறந்த பிறகு மறுபடியும் ஒருமுறை கொன்றிருக்கிறது.

அப்படிக் கொல்லப்பட்டவர்களில் ஒருவரைச் சொல்கிறேன். நான் சென்னை அயனம்பாக்கத்தில் இருக்கிறேன். இங்கிருந்து பெரம்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் 'திரு.வி.க. நகர்' தெரியாமல் இருக்காது. பேருந்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. சட்டமன்றத் தொகுதிக்கு அந்தப் பெயர். சென்னை மாநகராட்சியின் ஆறாவது மண்டலத்துக்கும் அந்தப் பெயர்தான். எங்கள் பக்கத்து அம்பத்தூர் அதற்கு அடுத்த ஏழாவது மண்டலம். கிண்டியில் தொழிற்பேட்டைக்குத் திரு.வி.க. பெயர், ஷெனாய் நகரில் பூங்காவுக்கு அவர் பெயர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இளைஞர்கள் இந்தப் பெயரை வாரத்துக்குப் பத்து முறையாவது சொல்வார்கள். திரு.வி.க. எழுதிய புத்தகம் ஒன்றின் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பள்ளியில் 'தமிழ்த்தென்றல்' என்று கோடிட்ட இடத்தை நிரப்பியதோடு பலருக்கு உறவு முடிந்துவிட்டது.

அவர் பிறந்த ஊரும் தூரமில்லை. போரூருக்கு மேற்கே இப்போது தண்டலம் என்று வழங்கும் துள்ளத்தில் 1883 ஆகஸ்ட் 26 அன்று பிறந்தார். இராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு 1917இல் 'தேசபக்தன்' நாளிதழுக்கு ஆசிரியரானார். பிறகு 1920 முதல் 'நவசக்தி'. அரசியலை மேடையில் ஆங்கிலத்தில் பேசுவதே கௌரவம் என்றிருந்த நாளில், தொழிலாளியும் வழக்கறிஞரும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரு தமிழை அவர் பேசிக் காட்டினார், எழுதியும் காட்டினார். சிறு சிறு வாக்கியங்கள். கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டே நகரும் நடை. தமிழில் தலையங்கம் என்ற வடிவத்தைப் பழக்கியவர்களில் அவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி அண்டு சி மில் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது செல்வபதி செட்டியார், இராமாஞ்சுலு நாயுடு, பி.பி. வாடியா ஆகியோரோடு அவரும் நின்றார். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் அண்டைவீட்டார் சங்கச் சந்தா கட்டுகிறார்கள் என்றால் அந்தப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. நாடு விடுதலையாகப்போகிற 1947இல் அதே மில் வேலைநிறுத்தத்தின்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்த காங்கிரஸ் கட்சியின் அரசே அப்போது அவரை வீட்டுக்காவலில் வைத்தது. இதற்கிடையில் 'பெண்ணின் பெருமை', 'மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்', 'முருகன் அல்லது அழகு' என்று நூல்கள் வந்துகொண்டே இருந்தன. கண் பார்வை மங்கிய முதுமையிலும் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, பாடல்கள் செய்தார். 1953 செப்டம்பர் 17இல் மறைந்தார்.

இவரைக் காலம் தள்ளுபடி செய்துவிட்டது என்கிறார்கள். காலம் எங்கே வந்தது இதில்? நடந்தது என்னவென்று எளிதாகவே பார்க்கலாம். மனைவி கமலாம்பிகை 1918இல் இறந்தார். பிறந்த குழந்தைகளும் தங்கவில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆக, கையெழுத்துப் படிகளைக் காக்கவும், பதிப்பாளரிடம் போய் நிற்கவும், நினைவு நாளுக்கு நாலு பேரைக் கூப்பிடவும் வீட்டில் வாரிசு இல்லை. கட்சியும் இல்லை. காங்கிரசுக்கு அவர் தொழிற்சங்கத் தொந்தரவு. இடதுசாரிகளுக்கு அவர் சைவர், காந்தியர். திராவிட இயக்கத்துக்கு அவர் முருகனைப் பற்றி எழுதியவர். பெரியார் வெளியேறிய 1925ஆம் ஆண்டுக் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டின் தலைவர் நாற்காலியில் இருந்தவரும் அவரே. சைவ மடங்களுக்கோ அவர் புத்தரையும் மார்க்சையும் மதித்தவர். ஒவ்வொருவருக்கும் அவரிடம் பாதி வேண்டியிருந்தது, மீதிப் பாதி இடைஞ்சலாக இருந்தது. அவர் மறைந்த நாளே பெரியாரின் பிறந்தநாளாகவும் அமைந்துவிட்டதால், ஆண்டுதோறும் செப்டம்பர் 17 வரும்போது செய்தித்தாளில் அவருக்கு ஓரம்கூட மிஞ்சுவதில்லை. இவற்றில் எந்தக் காரணத்துக்காவது அவர் எழுதிய ஒரு பக்கத்தோடு சம்பந்தம் உண்டா?

இதே 'நவசக்தி' அலுவலகத்தில் 1923இல் துணையாசிரியராகச் சேர்ந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. திரு.வி.க.விடம் தமிழ் எழுத்தைப் பழகிக்கொண்டு ஐந்தாண்டுகளில் வெளியேறிய அவரைத்தான் நாம் கல்கி என்று அறிகிறோம். சீடரின் 'பொன்னியின் செல்வன்' சென்னைப் புத்தகக் காட்சியில் எத்தனை கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்கி மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் நின்ற விதத்தைப் பாருங்கள். அவர் பெயரிலேயே ஒரு வார இதழ் இருந்தது. அது அவர் கதைகளை மறுபடி மறுபடி தொடராக வெளியிட்டது. 1954இல் அவர் போன பிறகும் ஒவ்வொரு தலைமுறை வாசகரின் வீட்டுக்கும் அந்தக் கதை தபாலிலேயே வந்து சேர்ந்தது. நூல்கள் நாட்டுடைமையான பிறகு யாரும் அச்சிடலாம் என்றாகி விலை குறைந்தது. 2022லும் 2023லும் திரைப்படமாகவும் வந்துவிட்டது. "காலமே நீதிபதி" என்று சொல்லும் தீவிர இலக்கியக்காரர்களிடம் நான் ஒன்று கேட்க விரும்புகிறேன். அந்த நீதிபதி கல்கி பக்கம் இவ்வளவு தெளிவாகத் தீர்ப்பு எழுதியிருக்கிறாரே, ஏற்றுக்கொள்கிறீர்களா? மாட்டார்கள். வெகுஜன ரசனை, வணிகம் என்று உடனே காரணம் சொல்வார்கள். தமக்குப் பிடித்தவர் நின்றால் அது காலத்தின் தீர்ப்பு, பிடிக்காதவர் நின்றால் அது சந்தையின் வேலை. இப்படி இரண்டு படிக்கல் வைத்து நிறுப்பது நியாயமில்லை.

பாரதியையே எடுத்துக்கொள்வோம். அவர் 1921 செப்டம்பரில் இறந்தபோது திருவல்லிக்கேணியிலிருந்து சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று சொல்லிச் சொல்லி, பிறகு காலம் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டதாகக் கதையை முடிப்பார்கள். இடையில் நடந்ததைச் சொல்வதில்லை. செல்லம்மாள் கணவரின் பாட்டுகளை அச்சிட முயன்றார். 1928இல் ஆங்கில அரசு பாரதியின் தேசியப் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது; சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துப் போராடினார். நாடக மேடைகளிலும் கிராமஃபோன் தட்டுகளிலும் பாட்டுகள் பரவின. 1930களின் நடுவில் வ.ரா. அவரை மகாகவி என்று சொல்ல, கல்கி அதை மறுக்க, கு.ப.ரா.வும் சிட்டியும் கல்கிக்குப் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்கள் 'கண்ணன் என் கவி' என்று நூலாயின. மறுத்த கல்கிதான் பிறகு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழும்ப முன்னின்றவர். 1947 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. அதே ஆண்டு 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் தமிழ்நாடு முழுக்க ஒலித்தன. பாட்டுகளின் உரிமை ஏவி.எம். கையில் இருந்தபோது, அது பொதுச் சொத்தாக வேண்டும் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் எழுப்பினார்கள். 1949இல் ஓமந்தூரார் அரசு அதை வாங்கியது.

இதில் எத்தனை பேருடைய உழைப்பு, எத்தனை பேருடைய சண்டை, எத்தனை பேருடைய பணம்! எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் 'காலம்' என்று ஒரு சொல்லில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். மகாகவியா இல்லையா என்று மனம் விட்டுச் சண்டை போட்டதாலேயே பாரதியின் வரிகளை அன்று ஆயிரம் பேர் எடுத்துப் படித்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். திரு.வி.க.வுக்காக அப்படி யாரும் சண்டை போடவில்லை. எல்லோரும் கும்பிட்டுவிட்டுக் கடந்தார்கள்.

புதுமைப்பித்தன் 1948இல் நாற்பத்திரண்டு வயதில் காசநோயில் போனார். தொ.மு.சி. ரகுநாதன் 1951லேயே அவர் வரலாற்றை எழுதியிராவிட்டால், அரைநூற்றாண்டு கழித்து ஆ.இரா. வேங்கடாசலபதி பழைய இதழ்களைத் தேடிப் பிடித்து, பாடம் ஒப்பிட்டு, கதைகளுக்குக் காலவரிசை அமைத்துச் செம்பதிப்புக் கொண்டுவந்திராவிட்டால், இன்று நாம் படிக்கும் புதுமைப்பித்தன் கிடைத்திருக்கமாட்டார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் அச்சாகி ஏறக்குறைய கவனிப்பாரற்றுக் கிடந்தது. சி. மோகன் போன்ற ஓரிருவர் அதைப் பற்றி விடாமல் பேசினார்கள். சிங்காரம் 1997 கடைசியில் இறந்தபோதும் அந்த நாவலின் இன்றைய புகழில் கால்வாசிகூட அவர் காதுக்கு எட்டியிருக்காது. அமெரிக்காவில் ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பின எழுத்தாளர் 1960இல் ஏழையாக இறந்து அடையாளமில்லாத குழியில் புதைக்கப்பட்டார். 1973இல் ஆலிஸ் வாக்கர் புதர் மண்டிய அந்த இடுகாட்டில் நடந்து தேடி ஒரு கல் நட்டார், பிறகு அவரைப் பற்றி எழுதினார். அதற்குப் பின்புதான் ஹர்ஸ்டனின் நாவல் பல்கலைக்கழக வகுப்புகளுக்குள் போனது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் நாவலின் தரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சங்க இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டு நிற்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நின்றது என்பது தவறு, கண்டெடுக்கப்பட்டது. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஊர் ஊராக அலைந்து, செல்லரித்த ஏடுகளைப் பிரித்து, 1880களிலிருந்து ஒவ்வொன்றாக அச்சேற்றியதால் நம் கைக்கு வந்தது. ஐம்பெருங்காப்பியத்தில் சிந்தாமணியும் சிலம்பும் மேகலையும் உ.வே.சா. பதிப்பில் வந்துவிட்டன. வளையாபதியிலும் குண்டலகேசியிலும் சிதறிய சில பாட்டுகளே மிச்சம். அந்த இரண்டும் மட்டமான காவியங்கள் என்று காலம் தீர்ப்புச் சொன்னதா? ஓலையைப் படியெடுக்க ஆளில்லை, கரையான் தின்றது, அவ்வளவுதான். 1981இல் யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அங்கே எரிந்துபோன எழுத்தாளர்களிடம் போய், "உங்களுக்கு நிற்கும் தகுதி இல்லை" என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

எதிர்த்தரப்பின் வாதத்தில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆள் இருந்தால் மட்டும் போதாது. சிலையும் நூற்றாண்டு விழாவும் எடுத்து எத்தனை பேரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள்! உள்ளீடு இல்லாதவர்கள் நிற்கவில்லை. ஆனால் உள்ளீடு இருந்தும் ஆளில்லாதவர்களும் நிற்கவில்லையே. வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதினார், 'ஜகன்மோகினி'யை நடத்தினார். அவற்றில் தேறுவது எது என்று உட்கார்ந்து படித்துச் சொன்ன விமர்சகர்களை விரல் விட்டு எண்ணலாம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் திருமண உதவித் திட்டமாக லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. அவர் தேவதாசி முறையை எதிர்த்து 1936இல் வெளியிட்ட நாவல் எத்தனை வீடுகளுக்குப் போனது? படிக்காமலே கைவிட்டதற்குத் தீர்ப்பு என்று பெயர் சூட்டக் கூடாது.

திரு.வி.க. குறையில்லாத எழுத்தாளர் இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்வார். நல்ல விவரிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது உபதேசம் குறுக்கிடும். 'பெண்ணின் பெருமை'யில் தாய்மையை அவர் ஏற்றிப் போற்றும் பக்கங்களோடு இன்றைய பெண்கள் கடுமையாகச் சண்டை போடுவார்கள், போடவும் வேண்டும். அந்தச் சண்டையைத்தான் நான் கேட்கிறேன். தமிழ்மண் பதிப்பகம் அவர் நூல்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தடையாக எந்தச் சட்டமும் இல்லை, எந்தக் குடும்பமும் இல்லை. தேவைப்படுவது அவருடைய ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இன்றைய வாசகருக்கான இருநூறு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எப்போது, எந்தச் சூழலில் எழுதியது என்று குறிப்பும் சேர்த்துக் கொடுக்க ஒரு பதிப்பாசிரியர். அவரைப் பற்றிப் புகழுரை இல்லாமல் ஒரு நேர்மையான விமர்சன நூல் எழுத ஒருவர்.

அதற்கு முன்பே எங்கள் அயனம்பாக்கத்திலும் அம்பத்தூரிலும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 1944இல் வந்த அவருடைய 'வாழ்க்கைக் குறிப்புகள்' தன்வரலாற்றில் தொழிலாளர் இயக்கத்தைப் பற்றிய பகுதியை எஸ்டேட்டின் சங்க அலுவலகங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை சத்தமாகப் படிக்கலாம். மில் கதவடைப்பு, வெள்ளைக்கார நிர்வாகம், கூட்டத்துக்கு வரப் பயந்த தொழிலாளி எல்லாமே அதில் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துகொண்டு சங்கத்தில் சேரலாமா வேண்டாமா என்று தயங்கும் பையன் அதைக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றோ வெறும் பேச்சு என்றோ சொல்லட்டும்.