மர வளையங்கள் தரும் சாட்சியம்

அனல்மின் நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. அதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. இறுதியில் 2025 ஜூலையில், கந்தக நீக்கக் கருவி பொருத்தும் கட்டாயத்திலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டுவிட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்கோ செலவு அதிகம் என்பது வாதம். செலவைக் கணக்கிடுவது எளிது. புகையால் நேரும் இழப்பைக் கணக்கிடுவதுதான் கடினம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகளில் அந்தக் கணக்கை மரங்களே எழுதி வைத்திருந்தன.

வெர்மான்ட் மாநிலத்தின் கேமல்ஸ் ஹம்ப் மலையில், 1960-களின் நடுப்பகுதியிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் சிவப்பு ஸ்புரூஸ் எனும் ஊசியிலை மரங்களில் ஏறத்தாழப் பாதி மடிந்தன. அமில மழையே காரணம் என்றனர் ஒரு சாரார். வறட்சி, கடுங்குளிர், மரங்களின் முதுமை என்று மறுத்தனர் மற்றொரு சாரார். காரணம் உறுதியாகும்வரை நடவடிக்கை வேண்டாம் என்பது மின் நிறுவனங்களின் நிலைப்பாடு. மாசுக்குப் பொறுப்பேற்க விரும்பாதோர் எங்கும் கையாளும் உத்தி இது.

குளிர்நாட்டு மரம் ஆண்டுக்கொரு வளையம் இடும். நல்ல ஆண்டில் அகன்றும், கெட்ட ஆண்டில் குறுகியும் இருக்கும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. துளைப்பானால் பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சியை உருவியெடுத்தால் போதும். ஆயினும், அடிமரம் பருக்கப் பருக்க வளையம் இயல்பாகவே குறுகும். அந்தப் போக்கை நீக்கிய பிறகே வானிலையோடு ஒப்பிட வேண்டும். காலத்தொடர் தரவுகளோடு பல்லாண்டு மல்லாடிய எனக்கு இது பழகிய சிக்கல்தான்.

அவ்வாறு ஒப்பிட்டபோது, 1960-கள் வரை வெப்பநிலையை ஒட்டி நடந்த வளர்ச்சி, அதன்பின் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. வானிலை மட்டுமே காரணமாக இருக்க இயலாது என்று தெரிந்தது. அமிலப் பனிமூட்டம் ஊசியிலைகளிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, குளிரைத் தாங்கும் திறனைக் குறைத்தது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் விளக்கின. குளிர் காரணம் என்றவர்களும் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. குளிரைக் கொலையாளியாக்கியது புகை.

1990-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, கந்தக உமிழ்வுக்கு உச்சவரம்பும் உரிமச் சந்தையும் ஏற்படுத்தியது. இருபது ஆண்டுகளில் மின் நிலையங்களின் உமிழ்வு மூன்றில் ஒரு பங்காயிற்று. செலவோ அஞ்சியதைவிடக் குறைவு. மத்திய அப்பலாச்சிய ஸ்புரூஸ் மரங்களைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு, 1980-களின் இறுதிவரை சரிந்த வளர்ச்சி பிறகு ஏறுமுகமானதைக் காட்டுகிறது. வளையங்களின் கார்பன் ஐசோடோப்புகளையும் ஆராய்ந்த அவ்வாய்வு, மாசுக் குறைவோடு கரியமில வாயு மிகுந்ததற்கும், இளவேனில் வெப்பம் உயர்ந்ததற்கும் பங்குண்டு என்கிறது. அந்த நேர்மையால் முடிவு வலுப்பெறுகிறதே தவிர, மெலியவில்லை.

வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக இராது. தேக்கு விதிவிலக்கு. கேரளத் தேக்கின் வளையங்களைக் கொண்டு, புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினர் பழைய பருவமழைகளை ஆராய்ந்துள்ளனர். அதே துளைப்பானோடு மத்திய இந்தியாவின் அனல்மின் நிலையங்களை அடுத்துள்ள தேக்குகளிடமும் செல்லலாம். விலக்கு அளிக்கும் முன்பே அரசு அதைச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும், இப்போதும் சொல்லலாம். ஒரு கந்தக நீக்கக் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அந்த ஆய்வுக்காகும் செலவு அற்பம்.